இருபத்து நான்காவது பைட்

துவாஸ் விடுதியின் நுழைவாயிலில்
ஒரு பதிவு இயந்திரம்.
உள்ளே, பதினோரு வருடத்துக்கு முன்
யாரோ எழுதிய சி நிரல்.
யாரோ என்ன யாரோ, நான்தான்.
தலைப்பெழுத்து இருக்கிறது,
அதன் கீழே: ‘பிறகு சரிசெய்யவும்.’

இரவு ஒன்பதரை. லாரிகள்
ஆளை இறக்கிவிட்டுப் போய்விட்டன.
வரிசையின் பின்பாதி மழையில்.
முதலில் நிற்பவர் கொளஞ்சி, விருத்தாசலம் பக்கம்.
ஒரு விரலால் பெயரைத் தட்டுகிறார்.
‘அப்படி ஒருவர் இல்லை.’
மறுபடி தட்டுகிறார்.
மறுபடியும் இல்லை.
“இருக்கேன்மா,” என்கிறார்
இயந்திரத்திடம் அல்ல, என்னிடம்.

அவருக்கு அடுத்த கோக்கன் திரையைத் தொடவே இல்லை.
அதற்குள் அவர் பெயரென்று
கறுப்புச் சாய்சதுரத்துக்குள் ஒரு கேள்விக்குறி.
அப்படியும் ஒருவர் இல்லையாம்.

“ரோசாக்?” என்றார் காவலாளி ஹம்சா.
கோப்பி ஓ பையை நகர்த்தி
என் மடிக்கணினிக்கு இடம் தந்தார்.

கொ, ள, ஞ், சி.
கண்ணுக்கு நான்கு எழுத்து.
அலுவலகப் பதிவேட்டில் இருபத்தொரு பைட்,
இங்கே இருபத்து நான்கு.
அங்கே கொம்பும் காலும் சேர்ந்த ஒரே குறி.
இங்கே கொம்பு தனி, கால் தனி.
வரைந்தால் இரண்டும் ஒரே கொ.
ஆனால் இயந்திரம் படிப்பதில்லை,
இருட்டில் தடவிப் பார்க்கிறது.
ஆறாவது பைட்டில் கை தட்டுப்பட்டதும்
வேற்றாள் என்று முடிவுகட்டிவிடுகிறது.

நான் ஒதுக்கியிருந்த இடமும் இருபத்து நான்குதான்.
அதில் கடைசி இருக்கை எப்போதும் பூஜ்யத்துக்கு,
பெயர் இங்கே முடிகிறது என்று சொல்வதற்கு.
ஆக, சியின் மேல்விலங்கில் மூன்றில் ஒரு பங்கு
வாசலிலேயே நின்றுவிட்டது.
சி மொழிக்கு ஒரு சியை விழுங்கத் தெரியவில்லை.
நின்றது திரும்பிப் போகவும் இல்லை.
அடுத்தவர் வந்ததும்
அவர் பெயராக உள்ளே நுழைந்தது.

கீழே இறங்கிப் படித்தேன்.
‘சுத்தம்’ என்று ஒரு ஃபங்ஷன்.
முன்வெற்றிடம் வெட்டு, பின்வெற்றிடம் வெட்டு,
எழுத்தல்லாததை எல்லாம் எடு.
அன்று சோதனைக்கு என் பெயரைத்தான் கொடுத்தேன்.
அடையாள அட்டையில் எனக்கும் அப்பாவுக்கும் நடுவே
ஒரு டி, ஒரு சாய்கோடு, ஒரு ஓ.
சாய்கோட்டைத் தின்றுவிட்டு ‘டூ’ என்றது.
சிரித்தேன்.
அனுப்பியும் விட்டேன்.

தமிழ் பிறகு வந்தது.
குறி நீக்காமல் எண்ணாக்கினால்
தமிழின் ஒவ்வொரு பைட்டும்
பூஜ்யத்துக்குக் கீழே.
‘மைனஸ் வந்தால் விட்டுவிடு’
இதுவும் என் கையெழுத்து.

இடத்தைப் பெருக்கினேன்.
வரி முடியும்வரை மிச்சத்தை வடித்துக் கொட்டினேன்.
கொம்பையும் காலையும் கோத்தேன்,
ஒ, ஓ, ஔ என மூன்றே சேர்க்கை.
சுத்தம் செய்ததை ஒரு பக்கம்,
தட்டியதைத் தட்டியபடி இன்னொரு பக்கம் வைத்தேன்.
ஒப்பிட ஒன்று,
கூப்பிட ஒன்று.

பதினொன்று பத்து.
கொளஞ்சி தட்டினார். பச்சை.
பச்சையைப் பார்க்கவில்லை அவர்.
பெயரை எழுத்தெழுத்தாகப் பார்த்தார்.
“இங்க ளகரம் சரியா இருக்கு.
சம்பளச் சீட்டுலதான் லகரம்,” என்றார்,
ஈரச் செருப்போடு உள்ளே போனார்.

மடிக்கணினியை மூடப் போனேன்.
கோக்கன் வங்காளத்தில் தட்டத் தொடங்கினார்.
முதல் எழுத்தைப் பார்த்தேன்:
அதற்கும் முன்னால் ஒரு கொம்பு,
பின்னால் ஒரு கால்.

ஹம்சா இன்னொரு கோப்பி பையைப் பிரித்தார்.
பின்குறிப்பு எதுவும் எழுதாமல்
திரையை மறுபடி நிமிர்த்தினேன்.